பந்த் அன்று திறந்திருந்த கதவு

போகியன்று டயர் கொளுத்தாதீர்கள் என்று வருடா வருடம் சொல்கிறார்கள். எங்கள் தெருவிலும் வருடா வருடம் யாரோ ஒரு புண்ணியவான் கொளுத்திவிடுகிறார். இன்று விடியற்காலையும் அந்த வாடை வந்தது. மற்றவர்களுக்கு அது போகி வாடை, எனக்கு பந்த் வாடை. இருமிக்கொண்டே ஜன்னலைச் சாத்தும்போது கைப்பேசி முனகியது. பொங்கல் முடிந்ததும் புதுச்சேரியில் ஒரு நாள் முழு அடைப்பாம். உப்பளம் பகுதியில் நான் கவனித்துக்கொள்ளும் ஐந்து அறை விடுதியில் அந்த வாரம் தங்க இருந்த பெங்களூர்க்காரர் வரவில்லை என்று தட்டிவிட்டார். நான் காபி கலந்து முடிப்பதற்குள் இன்னும் இரண்டு பேர். பந்துக்கு முழுசாக ஐந்து நாள் இருக்கிறது. நடத்துகிறவர்கள் கொடிக்குக் கம்புகூட வாங்கியிருக்க மாட்டார்கள்.

நான் பந்த் வீட்டில் பிறந்தவள். அப்பா மில் தொழிலாளி. முதலியார்பேட்டையில் எந்தப் போராட்டம் என்றாலும் கடைகளை மூடச்சொல்லும் பொறுப்பு அவருக்குத்தான் வரும். மிரட்டத் தெரியாது என்பதுதான் அவருடைய தகுதி. கடை வாசலில் கைகூப்பி நின்று, “கொஞ்சம் மூடிக்குங்கண்ணே, சாயந்தரம் தொறந்துக்கலாம்” என்பார். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவரைப்போல இருக்கும். அவர் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டே ஷட்டரை இறக்கியவர்கள் உண்டு. பிறகு மில்லே மூடிவிட்டது. அதை மட்டும் யாரும் கைகூப்பிக் கேட்டு மூடவில்லை. ஆனால் அப்பா விடவில்லை. எந்தக் கட்சி ஊர்வலம் என்றாலும், பழகிய கால் தானாகப் போய்ச் சேர்ந்துகொள்ளும்.

பள்ளியில் படித்த அரைகுறை பிரெஞ்சை வைத்துக்கொண்டு நான் வேலைக்குச் சேர்ந்தது தெரேஸ் மதாமிடம். நான் இப்போது கவனித்துக்கொள்ளும் இதே வீடுதான். அவருடைய கணவர் சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த உள்ளூர்த் தமிழர். அவர் இறந்த பிறகு மதாம் வீட்டு அறைகளுக்குக் கொசுவலை கட்டி, வாசலில் பலகை மாட்டி, விடுதி என்று சொல்லிவிட்டார். பிரான்சிலிருந்த கொழுந்தனாருக்கு வீட்டில் பாதி உரிமை. விற்றுவிடலாம் என்று கடிதம் மேல் கடிதம் போட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், இந்த ஒரு சீசன் பார்ப்போம், பொங்கலுக்குள் அறைகள் நிரம்பாவிட்டால் விற்பனைதான் என்று முடிவாக எழுதிவிட்டார். மதாமுக்குப் போக வேறு வீடு கிடையாது. எனக்குப் போக சேதராப்பட்டு தொழிற்சாலை ஒன்று இருந்தது, ஆனால் ஷிப்ட் என்றாலே எனக்குத் தூக்கம் வந்துவிடும்.

அந்த சீசன் பார்த்துத்தான் ஊர் கொந்தளித்தது. எதற்கு என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன், சத்தியமாக நினைவில்லை. யார் பதவியில் யார் உட்காருவது என்பதுபோல ஏதோ ஒன்று. ஒரே மாதத்தில் மூன்று பந்த். சென்னையிலிருந்த ஏஜெண்டுகள் வருகிறவர்களையெல்லாம் மகாபலிபுரத்தோடு திருப்பி அனுப்பினார்கள். கடற்கரையில் சுண்டல்காரர் தன் சுண்டலைத் தானே தின்றுகொண்டிருந்தார். எங்களிடம் மிஞ்சியது எட்டுப் பேர் கொண்ட ஒரே ஒரு பிரெஞ்சுக் குழு. தலைவி ஒதேத் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை. தங்கிப் பார்த்துப் பிடித்துவிட்டால் தன் சங்கத்து ஆட்களை வருடா வருடம் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். அவர்கள் வந்த மறுநாளே நாலாவது பந்த்.

“அவங்களுக்குத் தெரியக் கூடாது” என்றார் மதாம். ஒரு ஊரே மூடிக்கிடப்பதை எப்படி மறைப்பது? மதாம் சிலுவை போட்டுக்கொண்டு, நாளைக்குத் திருவிழா என்று சொல்லிவிடு என்றார். சொன்னேன். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். ஊர் ஓய்வெடுக்கும் நாள், வண்டிகளுக்கு விரதம், அன்று யாரும் ஹாரன் அடிக்க மாட்டார்கள் என்று நான் பாட்டுக்கு அலங்காரம் செய்துகொண்டே போனேன். எட்டுப் பேரும் பயபக்தியோடு கேட்டார்கள். மறுநாள் காலையில் வெறிச்சோடிய தெருக்களில் நடந்து, இறக்கிய ஷட்டர்களைக் கோயில் கோபுரம்போல அண்ணாந்து படம் பிடித்தார்கள். தூரத்தில் டயர் எரிகிற வாடைக்கு, சாம்பிராணி என்றேன். எனக்கே வெட்கமாகத்தான் இருந்தது.

அவர்கள் திரும்பிவந்து வாசலில் நிற்கும்போது ஊர்வலம் எங்கள் தெருவில் திரும்பியது. முன்வரிசையில் அப்பா. ஒதேத் கைதட்டினார். ஒரு இளவட்டம் மட்டும் எங்கள் பலகையைப் பார்த்துவிட்டு, லாட்ஜு தொறந்திருக்குது, மூடச் சொல்லுங்க என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தான். ஊர்வலம் நின்றது. மதாம் என் கையைப் பிடித்துக்கொண்டார். கதவை மூடி, நாலு பேர் கூச்சல் போட்டால் போதும், விருந்தாளிகள் பெட்டியைக் கட்டிவிடுவார்கள். அதோடு வீடும் போய்விடும்.

அப்பா என்னைப் பார்த்தார், மதாமைப் பார்த்தார், எட்டு வெள்ளைக்காரர்களையும் பார்த்தார். வாழ்நாள் முழுக்கக் கடை மூடிய மனிதர் திரும்பி நின்று சொன்னார்: “இது லாட்ஜு இல்லடா, சொல்தா வூடு. ஒறமொற வந்திருக்காங்க. ஒறமொற வந்திருக்கறப்ப யாராச்சும் கதவ மூடுவாங்களா?”

வேறு ஊராக இருந்தால் சிரித்திருப்பார்கள். எங்கள் ஊரில் சொல்தா வீட்டுக்கு வெள்ளைக்கார மருமகளும் அவள் பிறந்தவீட்டாரும் வருவது சகஜம். இளவட்டம் ஒதேத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடந்தான். என்ன சொன்னார்கள் என்று ஒதேத் கேட்டார். திருவிழா வாழ்த்துச் சொன்னார்கள் என்றேன்.

சாப்பாட்டு மேஜையில் ஒதேத் கரண்டியை வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார். அவருடைய அப்பா ரயில் இன்ஜின் ஓட்டியவராம். இந்தத் திருவிழா அவர்கள் ஊரிலும் அடிக்கடி வருமாம், அதில் ரயில்களும் கலந்துகொள்ளுமாம். எட்டுப் பேரும் குலுங்கிச் சிரித்தார்கள். போராட்டத்திலேயே பிறந்து வளர்ந்த ஜனங்களிடம் போய் பந்தை மறைத்திருக்கிறோம். மதாம் சிரிக்கவில்லை. “நீங்க பயந்து போயிட்டா எனக்கு இந்த வூடு இல்ல” என்று தமிழிலேயே சொன்னார். அவருக்கு அந்த நேரத்தில் பிரெஞ்சு வரவில்லை. நான் மொழிபெயர்த்தேன், இம்முறை அலங்காரம் இல்லாமல். ஒதேத் எழுந்துவந்து மதாமின் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் அப்பாவை வரவழைத்து அறிமுகம் செய்தேன். ஒரு மணி நேரம் போராட்ட அனுபவங்களைப் பரிமாறிக்கொண்டார்கள். அவர்கள் ஊர்ப் போராட்டத்தில் கடைகள் எல்லாம் திறந்தே இருக்கும் என்று கேட்டதும் அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. “அப்ப அது என்னா பந்த்து?” என்று என்னைக் கேட்டார். அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை. ஒதேத் சொன்னபடி வருடா வருடம் ஆட்களை அனுப்பினார். கொழுந்தனாரின் கடிதங்களும் மெல்ல மெல்ல நின்றன.

இப்போது மதாம் இல்லை, அப்பாவும் இல்லை. ஒதேத்திடமிருந்து கிறிஸ்துமஸ் வாழ்த்து வருவது நின்றே பல வருடம் ஆகிறது. வரவில்லை என்று தட்டிவிட்டவர்களின் முகம் எனக்குத் தெரியாது. தெரிந்தால்தானே ஒரு பொய்யாவது சொல்லி நிறுத்திப் பார்க்கலாம். பந்தும் பழைய பந்தாக இல்லை. முந்தின நாள் சாயங்காலமே எல்லோரும் தாங்களாகவே ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டில் படம் பார்க்கிறார்கள்.

பந்த் அன்று மட்டும் நான் வாசல் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, காலையிலிருந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். மூடச் சொல்லக்கூட யாரும் வருவதில்லை.