அழைக்காத கல்யாணத்துக்குப் போன குதிரை

இது 2014 வாக்கில், நாங்கள் நெய்வேலி நகரியத்தில் குடியிருந்தபோது நடந்தது. என் கணவருக்குச் சுரங்கத்தில் ஷிஃப்ட் வேலை. எங்கள் மகளுக்கு அப்போது ஏழு வயது. பிறக்கும்போது மூச்சுத் திணறியதில் மூளை பாதிக்கப்பட்டு, அவளுக்குக் கால்கள் இரண்டும் விறைத்தே இருக்கும். நிற்க முடியாது. உட்கார்ந்தாலும் யாராவது பக்கத்தில் அணைத்துப் பிடித்திருக்க வேண்டும். பேச்சு மட்டும் தெளிவாக வரும். பிடிவாதம் அதைவிடத் தெளிவாக வரும்.

இப்படி ஒரு குழந்தை வீட்டில் இருந்தால் ஊரில் எல்லாரும் வைத்தியர் ஆகிவிடுகிறார்கள். ஒருவர் எண்ணெய் சொல்வார், ஒருவர் கோவில் சொல்வார், கிரகணத்தன்று இடுப்புவரை கடற்கரை மணலில் புதைத்து வையுங்கள் என்றுகூட ஒரு அம்மாள் சொல்லிவிட்டுப் போனார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொள்வது எனக்குப் பழகிவிட்டது. அதனால் பக்கத்து பிளாக்கில் இருந்த ரிட்டயர்டு பெரியவர் ஒருவர் வந்து, "குதிரை ஏத்திப் பாருங்க மேடம்" என்றபோது, இதுவும் அந்த வகைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அவர் விடுகிற ஆள் இல்லை. நண்பர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு சின்னதாக ஒரு அறக்கட்டளை நடத்திவந்தார். சனிக்கிழமை சாயங்காலங்களில் எங்கள் மகளைப் போன்ற குழந்தைகளையும், பக்கத்தில் ஒரு காப்பகத்தில் வளரும் பிள்ளைகளையும் மைதானத்தில் கூட்டுவார். பந்து எறிய வைப்பார், மரத்தடியில் வெறுங்காலோடு நடக்க வைப்பார், செடி நட வைப்பார். இப்போது குதிரை. குதிரை நடக்கும்போது மேலே இருப்பவரின் இடுப்பும் நடப்பது போலவே அசையும், விறைப்பு கொஞ்சம் தளரும் என்று விளக்கினார். மகளுக்குப் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்டும் முயன்று பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். கணவர், "போய்த்தான் பாரேன்" என்றார். தூக்கிக்கொண்டு போகப்போவது அவர் இல்லையே.

குதிரை பண்ருட்டியிலிருந்து வரும். வெள்ளைக் குதிரை, வயதானது. கல்யாண ஊர்வலங்களிலும் சாமி ஊர்வலங்களிலும் மேளத்துக்குக் கால் தூக்கி ஆடுவதுதான் அதன் தொழில். அதன் சொந்தக்காரர் அதைக் குட்டியானை என்று எல்லாரும் சொல்கிற சின்ன லாரியில் ஏற்றிக்கொண்டு வருவார். குட்டியானையிலிருந்து குதிரை இறங்குவதைப் பார்க்கவே ஒரு கூட்டம் கூடும். அதன் பெயர் சாந்தி. குணத்துக்கு ஏற்ற பெயர் என்று பெரியவர் பெருமையாகச் சொல்வார்.

அந்தச் சாந்தி என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. ஒரு சனிக்கிழமை லாரியை விட்டு இறங்கவே மாட்டேன் என்று நிற்கும். அடுத்த வாரம் மைதானத்தின் நடுவில் படுத்துக்கொள்ளும். என் துப்பட்டாவை ஒருமுறை மென்று வைத்தது. சொந்தக்காரர் முன்னால் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, நான் ஒரு பக்கமும் தொண்டு செய்ய வந்த ஒரு கல்லூரிப் பெண் இன்னொரு பக்கமும் மகளின் தொடையைப் பிடித்தபடியே சுற்றிச் சுற்றி நடக்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் எனக்குத் தோள்வலி, உடம்பெல்லாம் குதிரை வாடை. இத்தனைக்கும் நடுவே என்னால் மறுக்க முடியாத ஒன்று இருந்தது. சனிக்கிழமை இரவுகளில் மகளுக்குக் கால் நீட்டும் பயிற்சி கொடுத்தால் அவள் அழுவதில்லை. அதற்காகத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

நான் சொல்ல வந்த அந்தச் சனிக்கிழமை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. கடைசிச் சுற்று முடியும்போது பெரியவர் செல்போனை நீட்டிக்கொண்டு வந்தார். நோட்டீஸில் போட ஒரு படம் வேண்டுமாம். குழந்தையும் குதிரையும் மட்டும் தெரிய வேண்டுமாம். "மேடம், நீங்க ஃபிரேமுல வர்றீங்க, கொஞ்சம் தள்ளிக்குங்க" என்றார். நான் முறைத்தேன். ஒரே நிமிஷம் என்றார். சேணத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டால் மகளும் சற்று நேரம் தாக்குப்பிடிப்பாள். அந்தக் கல்லூரிப் பெண்ணையும் தள்ளி நிற்கச் சொன்னார். நான் இரண்டடி தள்ளி நின்றேன். இன்னும் கொஞ்சம் என்றார். பிறகு குதிரைக்காரரிடம், கயிற்றைக் கீழே போட்டுவிட்டு ஓரமாக நிற்கச் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து அடுத்த தெருவில் பேண்டு செட் முழங்க ஆரம்பித்தது.

சாந்தியின் காதுகள் இரண்டும் நிமிர்ந்தன. அவ்வளவுதான். தாமதமாக வேலைக்கு வந்தவரைப் போல, விறுவிறுவென்று மைதானத்தை விட்டு வெளியே போய்விட்டது. மேலே என் மகள், சேணத்தின் முன்பக்கம் இருந்த கைப்பிடியை இரண்டு கைகளாலும் பிடித்தபடி. நான் ஓடினேன். குதிரைக்காரர் முழங்கால் வலிக்காரர், பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே பின்னால் நொண்டி நொண்டி வந்தார். பெரியவர் மறுபக்கமாகப் போய் மறிக்கிறேன் என்று ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார். அது கிளம்பவில்லை.

ஜெனரல் ஷிஃப்ட் முடிந்து ஜனம் வீடு திரும்பும் நேரம். கம்பெனி பஸ்கள் வேறு வரும். தெருத் திரும்பினால் குதிரையைக் காணோம். எதிரில் சைக்கிளில் வந்தவரை நிறுத்திக் கேட்டேன்.

"குதிரைங்களா? இப்பத்தான் போச்சு. மேல ஒரு கொழந்த ஒக்காந்துகினு போச்சு."

நிறுத்தியிருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"கல்யாணத்துக்குப் போவுதுன்னு நெனச்சேங்க" என்றார் பாவமாக.

பஸ் ஸ்டாப்பில் நின்ற இரண்டு பெண்களும் பார்த்திருந்தார்கள். பாப்பா அழகாகச் சிரித்துக்கொண்டே போனது என்றார்கள். டீக்கடையில் ஒருவர் வீடியோவே எடுத்து வைத்திருந்தார், காட்டட்டுமா என்று கேட்டார். ஊரே பார்த்திருக்கிறது, ஒரு கை நீளவில்லை. செருப்பு ஒன்று எங்கேயோ கழன்றுவிட்டது. எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. குதிரைமேல், போட்டோமேல், அந்தப் பெரியவர்மேல், இந்த நகரியத்தில் இருக்கிற அத்தனை பேர்மேலும்.

கோவிலைத் தாண்டியதும் கண்ணில் பட்டது. மாப்பிள்ளை அழைப்பு. முன்னால் பேண்டு செட், நடுவில் சாந்தி, பின்னால் பூ அலங்காரம் செய்த காரில் மாப்பிள்ளை. குதிரை ஒவ்வொரு காலாகத் தூக்கி ஆடிக்கொண்டிருந்தது. பெண் வீட்டார் ஏற்பாடு என்று மாப்பிள்ளை வீட்டாரும், மாப்பிள்ளை வீட்டார் ஏற்பாடு என்று பெண் வீட்டாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. தரையில் இழுபட்ட கயிற்றை யாரோ ஒரு வாலிபர் எடுத்துப் பிடித்துக்கொண்டு, ஊர்வலத்தையே தான் நடத்துவது போல முன்னே போய்க்கொண்டிருந்தார். நிறுத்துங்கள் என்று கத்தினேன். "மண்டபம் வந்துடுச்சுக்கா, கொஞ்ச தூரந்தான்" என்று எனக்கே ஆறுதல் சொன்னார்.

மகளின் பக்கத்தில் ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மாள். கனத்த உடம்பு, பட்டுப்புடவை. ஒரு கையால் மகளின் இடுப்பை அணைத்து, மறு கையால் முழங்காலைப் பிடித்து, குதிரை ஆடுகிற பக்கமெல்லாம் தானும் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருந்தார். தலைப்பூ சரிந்து தோளில் தொங்கியது. குதிரை மிதித்த சேறு புடவையில் முழங்கால்வரை. கல்யாணப் பெண்ணுக்கு அத்தையாம். தட்டு ஏந்தி வந்துகொண்டிருந்தவர், குதிரைமேல் குழந்தை ஒரு பக்கமாகச் சாய்வதையும் பக்கத்தில் யாரும் இல்லாததையும் பார்த்திருக்கிறார். தட்டை யார் கையிலோ திணித்துவிட்டு வந்து பிடித்துக்கொண்டார்.

நான் பாய்ந்துபோய் மகளை இழுத்தேன். அவள் கைப்பிடியை விடவில்லை. குதிரையும் நிற்கவில்லை. அந்த அம்மாள் என்னைப் பார்த்தார்.

"நீதான் அம்மாவா? இழுக்காத, வுழுந்துடும். நான் புடிச்சிக்கினுதான் இருக்கேன்."

என் குழந்தையைப் பற்றி எனக்கே சொல்கிறாரே என்று அந்த நிலையிலும் எரிச்சல் வந்தது. பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் மண்டப வாசலைப் பார்த்தேன். ஒருவர் நீளமான சரவெடியைத் தரையில் விரித்துக்கொண்டிருந்தார். கையில் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. எத்தனை ஊர்வலம் பார்த்த குதிரையானாலும் காலடியில் வெடித்தால் மிரண்டுவிடும். நான் போட்ட சத்தம் பேண்டு சத்தத்தில் எங்கேயும் போய்ச் சேரவில்லை. அந்த அம்மாளும் அதைப் பார்த்துவிட்டார்.

"பட்டாசு வெக்கிறானுவோ. நீ ஓடு" என்றார். நான் நகரவில்லை. மகளின் காலை இறுகப் பிடித்திருந்தேன். ஏழு வருடத்தில் வெளியாள் யாரிடமும் அவளை அப்படி விட்டுவிட்டு நான் ஒரு அடி எடுத்து வைத்ததில்லை.

"போம்மா. நான் வுட மாட்டேன்" என்றார் அந்த அம்மாள்.

விட்டேன். ஓடினேன். ஊதுபத்தி திரியைத் தொடப் போகும் நேரத்தில் போய் அந்தச் சரவெடியின் மேலேயே ஏறி நின்றேன், ஒரு காலில் செருப்போடும் ஒரு காலில் இல்லாமலும். அவர் நிமிர்ந்து பார்த்தார். மாப்பிள்ளைக்குச் சித்தப்பாவாக இருக்கலாம். தள்ளி நில்லுங்கள் என்றார். முடியாது என்றேன். மாப்பிள்ளை வாசலுக்கு வரும்போது வெடிக்கவில்லையென்றால் நன்றாக இருக்காது என்றார்.

"என் பொண்ணு அந்தக் குதிரைமேல இருக்கா. அவளால நடக்க முடியாது. கொளுத்தணும்னா என் கால்ல கொளுத்துங்க."

அவர் குதிரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஊதுபத்தியைத் தரையில் தேய்த்து அணைத்துவிட்டார்.

அதற்குள் குதிரைக்காரர் வந்து சேர்ந்தார். வாலிபரிடமிருந்து கயிற்றை வாங்கி, சாந்தியின் கழுத்தைத் தட்டிக் கொடுத்து ஓரமாகத் திருப்பினார். நான் திரும்பி வந்தபோது மகள் இன்னும் குதிரைமேல்தான் இருந்தாள். அந்த அம்மாளின் இரண்டு கைகளும் நான் விட்டுப்போன அதே இடத்தில் இருந்தன. மகளை இறக்கி என் இடுப்பில் வைத்த பிறகுதான் அவர் தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். நன்றி சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. மகளின் சட்டையை இழுத்துவிட்டுச் சரிசெய்தேன்.

சாந்தி தூரமாகப் போனபின் சரவெடி வெடித்தது. நாங்கள் கிளம்பலாம் என்று பார்த்தால் அந்த அம்மாள் விடவில்லை, பந்திக்கு இழுத்துக்கொண்டு போனார். உறவுக்காரர் கல்யாணங்களுக்கே போகாமல் தவிர்த்துக்கொண்டிருந்தவள் நான். போனால் குழந்தைக்கு என்ன, ஏன் இப்படி என்று ஒவ்வொருவருக்கும் கதை சொல்லி மாளாது. இந்த அம்மாள் ஒன்றுதான் கேட்டார்.

"பாப்பாவுக்குக் காலு நீட்டிக்கினா சௌகரியமா, தொங்கவுட்டாலா?"

நீட்டினால் என்றேன். எங்கிருந்தோ இன்னொரு நாற்காலியைக் கொண்டுவந்து எதிரே போட்டு, அதில் அவள் கால்களை எடுத்து வைத்தார். பிறகு பரிமாறுபவரைக் கூப்பிட்டு பாயசம் கேட்டார். சேற்றுப் புடவையோடு அவரைப் பார்த்து அவர் வீட்டார் ஏதோ கேட்டார்கள். கையை அசைத்து அனுப்பிவிட்டார்.

நாங்கள் பாதி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பெரியவர் வியர்த்து விறுவிறுத்து வந்தார். வந்தவர் என்னிடம் மன்னிப்பும் கேட்டார், இல்லையென்று சொல்லவில்லை. அதற்கு அடுத்த மூச்சிலேயே செல்போனை நீட்டினார். "ஆனா போட்டோ நல்லா வந்திருக்கு மேடம்."

அவரை நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது.

இனி அந்தப் பக்கமே போவதில்லை என்று கணவரிடம் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை மூன்று மணியிலிருந்து மகள் போட்ட கூச்சலில் பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். போனேன். பிள்ளை மேலே இருக்கும்வரை யாரும் கையை எடுக்கக் கூடாது, கயிற்றை விடக் கூடாது, செல்போன் பக்கமே வரக் கூடாது என்று சத்தம் போட்டுச் சட்டம் போட்டேன். அதன் பலன், காப்பகத்துப் பிள்ளைகளுக்கும் பக்கத்தில் நடக்கிற வேலை என் தலையில் விழுந்தது. என் மகளை அந்தக் கல்லூரிப் பெண்ணும் வேறொருவரும் பிடித்துக்கொண்டு போவார்கள். அந்த நேரம் நான் மரத்தடியில் இன்னொருத்தி மகனைப் பிடித்துக்கொண்டு நடப்பேன். ஆரம்பத்தில் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து எனக்குச் சுளுக்கே வந்தது. பிறகு குறைந்தது.

குதிரையால் என் மகள் நடந்துவிடவில்லை. இன்றும் சக்கர நாற்காலிதான். ஆனால் யாரும் அணைக்காமல் நிமிர்ந்து உட்கார்கிறாள், கல்லூரிக்குப் போகிறாள், என்னைப் போலவே எல்லாரையும் அதட்டுகிறாள். அந்த அம்மாளை அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை. பெயர்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. என் குழந்தையைத் தாங்க இந்த உலகத்தில் என் இரண்டு கைகள் மட்டும்தான் என்று ஏழு வருடம் எல்லாரிடமும் எரிந்து விழுந்துகொண்டிருந்தவள் நான்; நான் இல்லாத காலத்திலும் அவளைப் பிடித்துக்கொள்ள எங்கோ யாரோ இருப்பார்கள் என்று இப்போது நம்பித் தூங்க முடிகிறதென்றால், அது முன்பின் தெரியாத ஒருத்தி அந்தக் கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் நின்றதால்தான்.