ஆடி மாதத்தையும் கழித்துப் போட்ட கணக்கு

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு சித்திரை மாதம், சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. பட்டுக்கடை வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தே புடவை முந்தானைகளுக்குக் குஞ்சம் கட்டித் தர வேண்டும் என்று எனக்கு ஆசை. ஓய்வு நேரத்தில் கட்டிப் பழகிய கைதான். ஆனால் குக்கர் விசில் ஒன்று கூடினாலே ஓடிப்போய் அடுப்பை அணைக்கும் ரகம் நான்.

ஷேர் ஆட்டோ ஓட்டும் என் கணவர், "கடையில வருஷத்துக்கு வாங்குறது இதுல வந்துடுமா? கணக்கு போட்டுக் காட்டு, விட்டுடலாம்" என்றார். மகள் காலேஜில் சேர வேண்டிய வருடம் அது.

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். வருடச் சம்பளத்தைப் புடவைக் கூலியால் வகுத்து, பன்னிரண்டு மாதத்துக்கும் பிரித்தேன். தினம் இரண்டு புடவை கட்டினால் போதும் என்று வந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் உறுத்தல்.

மறுநாள் காய் நறுக்கும்போது பொறி தட்டியது. ஆடியில் யார் கல்யாணம் வைக்கிறார்கள்? புரட்டாசியில்? மார்கழியில்? மூன்றையும் கழித்தேன். கருட சேவைக்கு வீடு நிறைய உறவுக்காரர்கள் வருவார்கள், அந்த நாட்களையும் கழித்தேன். காய்ச்சலில் படுத்தால்?

"இன்னும் எதைம்மா கழிக்கப் போற, ஞாயித்துக்கிழமையையா?" என்று சிரித்தாள் மகள்.

அதையும் கழித்தேன். தினம் இரண்டு புடவை என்ற கணக்கு மூன்றைத் தாண்டியது. என் விரலும் கண்ணும் இரண்டுக்கு மேல் தாங்காது. கூலியை ஏற்றுவதுதான் ஒரே வழி. கடையில் சொல்லிவிட்டு வேலையிலிருந்து நின்றேன்.

முதலில் வந்தவர் செவிலிமேட்டு அம்மா ஒருவர், மகளின் முகூர்த்தப் புடவையோடு.

"என்னாமா, நூல முடிபோட இவ்ளோவா? போன தபா கம்மியாத்தானே வாங்கின?"

"இதுக்குக் கீழ கட்டுப்படியாகாதுக்கா" என்று சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம்.

அவர் நான் கட்டி வைத்திருந்த குஞ்சத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். "சரி, வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்துடு" என்றார். எல்லோரும் அப்படியில்லை, சிலர் புடவையை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆடி வந்தது. ஒரு புடவைகூட வரவில்லை. கணவர் முகம் வாடியது.

"அது கணக்குல இருக்குதுங்க" என்றேன்.

அடுத்த சித்திரையில் கூட்டிப் பார்த்தபோது கடைச் சம்பளத்தைத் தாண்டியிருந்தது; மகளின் ஃபீஸும் கட்டியாகிவிட்டது. எதற்கும் பயப்படுகிறவள் என்று என்னைக் கேலி செய்யாதவர்கள் இல்லை. ஆனால் எங்களைக் காப்பாற்றிய கணக்கைப் போட்டது அந்தப் பயம்தான் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் தலை நிமிர்கிறது.