சாயத் தண்ணீரும் ஊதாப் பூவும்

1967 மார்கழியில் தர்மனின் முக்கால் ஏக்கர் வெள்ளை அவரையில் ஊதாப் பூ பூத்த செடிகள் நூற்றுப் பன்னிரண்டு. எண்ணியவர் தர்மனே. எண்ணி முடித்ததும் நேராக வந்து நின்ற இடம், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தின் மேற்குக் கோடியில் இருந்த பொன்னியம்மாளின் சாயப்பட்டறை.

பொன்னியம்மாளுக்கு அப்போது வயது நாற்பத்தொன்று. கணவர் போன பிறகு ஏழு வருடமாகப் பட்டறையைத் தனியாளாக நடத்திவந்தார். விடிந்ததும் பட்டுநூலைச் சோடாவும் சோப்பும் போட்டு வேகவைத்துப் பிசினை எடுப்பார். மதியத்துக்குள் சாயத்தில் முக்கி, அலசி, காயப்போட்டுவிடுவார். அலசிய தண்ணீர் ஒரு சின்னக் கால்வாயில் ஓடி, தர்மனின் நிலத்து ஓரத்தை நனைத்துக்கொண்டு போகும்.

"உன் கத்தரிப்பூ சாயம் வேர் வழியா ஏறிக்கினு பூவுல வந்து நிக்குதும்மா," என்றார் தர்மன். "வெள்ளைப் பூவா இருந்தாத்தான் காய் வெளுப்பா இருக்கும், மார்க்கெட்டுல எடுப்பாங்க. இப்ப பாரு, காய்க்கு ஓரமெல்லாம் ஊதாக் கரை. புடவைக்குக் கரை வேணும், அவரைக்காய்க்கு எதுக்கும்மா?"

தெருவே இதை நம்பியது. நூல் வெள்ளையாக வருகிறது. யாராவது முக்கினால்தான் நிறம் பிடிக்கிறது. பரம்பரையாகப் பட்டு நெய்கிற தெருவுக்கு, பூவுக்கு மட்டும் வேறு சட்டம் இருக்கும் என்று தோன்றவில்லை. தெருவின் நாட்டாண்மை குமாரசாமி கால்வாயை அடைக்கச் சொன்னார். கால்வாயை அடைத்தால் அலச முடியாது. அலச முடியாவிட்டால் பட்டறை இல்லை.

பொன்னியம்மாள் வாதாடவில்லை. தர்மன் ஆதாரமாகப் பறித்து வந்திருந்த பூக்களை வாங்கி, வெந்நீரில் கசக்கி, இரண்டு கிண்ணத்தில் ஊற்றினார். ஒன்றில் எலுமிச்சம்பழம் பிழிந்தார். ஊதா ரோஜா நிறமாயிற்று. மற்றதில் ஒரு சிட்டிகை சோடா போட்டார், பச்சையாயிற்று.

"என் சாயத்துல இதையே பண்ணிக் காட்டுறேன், மாறாது," என்றார். "இப்படி மாறிச்சுன்னா, முகூர்த்தப் பட்டுல ரசம் சிந்தின அன்னிக்கே என்னைக் கட்டி வெச்சு உதைச்சிருப்பாங்க. இது என் சரக்கு இல்லண்ணே. செடியே காய்ச்சுன சாயம்."

"செடி அடுப்பா மூட்டுது?" என்றார் தர்மன். கூட்டம் சிரித்தது.

அப்போதுதான் பொன்னியம்மாள் ஒரு வருடம் தவணை கேட்டார். தர்மன் 1966 விளைச்சலில் எடுத்து 1967 ஆடியில் விதைத்த அதே விதையில் மிச்சம் அவர் வீட்டுப் பானையில் இருந்தது. அதில் நாற்பதை எண்ணிக் கொடுக்கச் சொன்னார். இடம், குமாரசாமி வீட்டுப் பின்கட்டு. அங்கே யாரும் திருட்டுத்தனம் செய்ய முடியாது. இருபது விதைக்குக் கிணற்றுத் தண்ணீர், இருபதுக்கு ஆறவைத்த சாயத் தண்ணீர். 1968 ஆடியில் விதைத்தார்கள். அன்றிலிருந்து சாயங்காலம் தோறும் பொன்னியம்மாள் ஒரு குடம் சாயத் தண்ணீரை இடுப்பில் வைத்துக்கொண்டு தெரு நடுவே நடந்தார். "அவரைக்குப் பட்டுச் சீலை எப்பம்மா?" என்று தறிக்கார வீடுகளிலிருந்து குரல் வரும். "பூக்கட்டும், கட்டிவிடுறேன்," என்பார்.

கார்த்திகையில் பூத்தது. சாயத் தண்ணீர்ப் பாத்தியில் ஆறு செடி செத்திருந்தது. மிச்சம் இலை பழுத்துச் சோர்ந்து கிடந்தாலும் அத்தனை பூவும் வெள்ளை. கிணற்றுத் தண்ணீர்ப் பாத்தியில் பதினெட்டு வெள்ளை, இரண்டு ஊதா.

"அப்ப கெணத்தை மூடிடலாமாண்ணே?" என்றார் பொன்னியம்மாள்.

தர்மன் அந்த இரண்டு செடியையும் ஒரு சுற்று சுற்றி வந்தார். "விதை நான் எடுத்ததும்மா. அந்த வருஷம் நிலத்துல வெள்ளையைத் தவிர ஒண்ணு இல்லியே!"

குமாரசாமி சின்னக் காஞ்சிபுரத்திலிருந்து தாவரவியல் ஆசிரியர் சக்ரவர்த்தியை வரவழைத்திருந்தார். அவர் குனிந்து இரண்டு ஊதாப் பூவையும் பார்த்தார்.

"அம்மா சொன்னது சரி. செடிதான் பூவுக்குச் சாயம் காய்ச்சறது. வெள்ளைப் பூச் செடிக்கு அந்தக் காய்ச்சல்ல ஏதோ ஒரு பக்குவம் விட்டுப்போயிருக்கு. ஒவ்வொரு செடிக்கும் ரெண்டு சாயக்காரர்னு வெச்சுக்கோங்கோ, தாய் வழி ஒருத்தர், தகப்பன் வழி ஒருத்தர். ரெண்டு பேருக்குமே வேலை தெரியலேன்னாத்தான் வெள்ளை. ஒருத்தருக்குத் தெரிஞ்சாலும் ஊதா."

"பட்டறைக்கு ஒரு ஆள் போதும் சார். நானே சாட்சி," என்றார் பொன்னியம்மாள்.

"அதேதான். தாய் வெள்ளை. அப்போ தகப்பன் ஊதாவா இருந்திருக்கணும். எங்கேயோ இருந்த ஊதாப் பூவோட மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்து போட்டிருக்கு. 1966-ல பக்கத்துல ஊதா அவரை இருந்ததா?"

"சுத்தி நெல்லு, வேர்க்கடலை. அவரைன்னா என்னுது மட்டுந்தான் சார்," என்றார் தர்மன். "பானையில இன்னும் நாலு படி இருக்குது. வழக்கு தீரட்டும்னு இந்த வருஷம் விதைக்கல. அடுத்த ஆடிக்கு அதையேதான் விதைக்கணும்."

"எப்படியோ, சாயம் இல்லேன்னு ஆயிடுச்சு," என்று குமாரசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "கால்வாய் இருக்கட்டும்பா."

பொன்னியம்மாள் குடத்தை எடுத்தார். எடுத்தவர் நகரவில்லை. 1966-ல் பட்டறையின் பின்சுவர் மேல் ஒரே ஒரு அவரைக்கொடி படர்ந்திருந்தது. வாலாஜாபாத்திலிருந்து நாத்தனார் கொடுத்த விதை. காய் பறித்துத் தின்றார். மாசியில் அந்த இடத்தில் இன்னொரு அடுப்புப் போடப் பிடுங்கி எறிந்தார். அதை வேறு யாரும் பார்த்ததில்லை. சொன்னால் எழுந்த நாட்டாண்மை மறுபடி உட்காருவார். சொல்லாவிட்டால் தர்மன் அந்த நாலு படியையும் விதைத்துவிட்டு, மறு மார்கழியில் மறுபடி எண்ணிக்கொண்டிருப்பார்.

"அண்ணே, அந்த விதையை விதைக்காதே," என்றார். "ஊதா அவரை எங்கிட்டதான் இருந்துது. பட்டறைக்குப் பின்னாடி, ஒரு கொடி. நல்லா ஊதா."

தர்மன் தொடையில் தட்டினார். "அப்ப நான் சொன்னது பாதி சரிதானேபா! பட்டறையிலேர்ந்துதானே வந்துருக்குது!"

"கால்வாயில வரலண்ணே. சுவர் ஏறி வந்துருக்குது."

முதலில் சிரித்தவர் சக்ரவர்த்தி. குமாரசாமி உட்காரத்தான் செய்தார். உட்கார்ந்து சொன்னது ஒன்றுதான்: கால்வாய் இருக்கலாம், பட்டறையில் இனி அவரைக்கொடி கூடாது. பொன்னியம்மாள் சரி என்றார்.

பானையில் இருந்த நாலு படியும் குழம்புக்குப் போயிற்று. 1969 ஆடியில் தர்மன் உத்திரமேரூரிலிருந்து புது விதை வாங்கிவந்து விதைத்தார்.