இஞ்சினுக்கு அடுத்த வண்டி

இல்லை, கூரைக்காக நான் கண்காட்சியை விட்டுக் கிளம்பி வரவில்லை. கூரை விஷயத்தில் குழுவினர் சொன்னது சரி. அசல் கொட்டகையில் ஓடுதான் இருந்திருக்கிறது. என் மாதிரியில் நான் தகரம் போட்டுவிட்டேன்.

கேட்டவர்களுக்காக வரிசையாகவே எழுதுகிறேன். போன ஆவணியில், விருதுநகரில் மாதிரி ரயில் செய்கிறவர்களின் கண்காட்சி. சின்னக் குழு. ஆளுக்கொரு பலகை கொண்டுவர வேண்டும். பலகைகளை வளையமாகத் திருகி இணைத்தால் ரயில் சுற்றும். என் பலகை மீட்டர்கேஜ் காலத்துச் சிவகாசி சரக்குக் கொட்டகை. மூன்றடி. ஒரு வருட வேலை. நான் கலந்துகொள்ளும் முதல் கண்காட்சி.

மதுரையிலிருந்து விருதுநகருக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம். சனிக்கிழமை காலையிலேயே போய்ப் பலகையை மண்டபத்தில் வைத்துவிட்டுச் சாத்தூருக்குப் பஸ் ஏறினேன். அங்கிருந்து ஏழாயிரம்பண்ணைக்கு ஆட்டோ. போக வர அறுநூறு ரூபாய். பலகையின் பின்திரைக்குக் காய்ந்த காடும் வானமும் படம் எடுக்க வேண்டியிருந்தது.

டிரைவர் மாரியப்பன் ஒரு பட்டாசுக் கம்பெனியின் வாசல் தெரிந்ததுமே வண்டியை நிறுத்தினார். வாசல் இன்னும் வெகுதூரம்.

"இதுக்கு மேல வராதுக்கா. இஞ்சின் சூடா இருக்குல்ல. வாட்ச்மேன் நம்மளையே ராக்கெட்டுல கட்டி விட்ருவாரு."

சிரித்தார். பிறகு தானாகவே சொன்னார். மனைவி உள்ளேதான் வேலை பார்க்கிறார். "போன் உள்ள கொண்டு போகக் கூடாதுல்லா. நானா கூப்பிடவும் முடியாது. சாயங்காலம் வேன் வந்து நிக்கிற சத்தம் கேட்டாத்தான் எனக்குச் சோறு இறங்கும்."

கண்காட்சியைப் பற்றிச் சொன்னேன். பட்டாசு மருந்து லோடு ரயிலும் ஓடுமா என்று கேட்டார். ஓடும் என்றேன்.

"போட்டோ அனுப்புங்கக்கா. அவளுக்குக் காட்டணும்."

மூன்று மணிக்கு மண்டபம். சாமுவேல் சார் குழுவின் தலைவர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். பூதக்கண்ணாடியோடு என் பலகை மேல் குனிந்தார். கூரை ஓடா, தகரமா. பெயர்ப்பலகையில் எழுத்தின் தடிமன். தண்ணீர்க் குழாயின் வளைவு. ஒவ்வொன்றுக்கும் பழைய புகைப்படம் உண்டா என்று கேட்டார். குழுவின் வழக்கம் அது: அசலில் இல்லாதது பலகையில் இருக்கக் கூடாது. எனக்கு அந்த வழக்கம் பிடிக்கும். அதற்காகத்தான் சேர்ந்தேன்.

பிறகு முருகேசன் அண்ணாச்சி தன் சரக்கு ரயிலை எடுத்து வைத்தார். பகலில் மிளகாய் வத்தல் மண்டி, மற்ற நேரமெல்லாம் ரயில். ஒய்.பி. வகை நீராவி இஞ்சின். கரித்தொட்டியில் ஒவ்வொரு ஆணித் தலையும் கையால் வைத்தது. உண்மையிலேயே அழகு. அதற்கு அடுத்ததாகவே ஒரு மூடிய வண்டி. பக்கவாட்டில் அரிசி அளவு லேபிள்: வெடிபொருள்.

"அண்ணாச்சி, மருந்து வண்டி இஞ்சினை ஒட்டி இருக்கு."

"ஆமாத்தா. முன்னால இருந்தாத்தான வர்றவுக கண்ணுல படும்?"

"கரி இஞ்சின். பொறி பறக்கும். நடுவுல வேற சரக்கு வண்டி போடாம யாரும் கட்ட மாட்டாங்க. அதுதான ரயில்வே விதி?"

சாமுவேல் சார் நிமிர்ந்தார். "ஏம்மா, பொம்மைக்கு எங்கன பொறி? கரண்டுல ஓடுது."

"என் கூரையும் பொம்மைதான் சார்."

பின்னாலிருந்து ஒருவர்: "விடு தாயி. சிவகாசின்னா வெடிதான? வேணும்னா மேல ஒரு புஸ்வாணம் வச்சு விடுவோம். கூட்டம் அள்ளும்."

எல்லோரும் சிரித்தார்கள். இந்த ஊர்க்காரர்கள். ஒவ்வொரு சீசனிலும் எந்தப் பக்கம் புகை என்று வானத்தைப் பார்க்கிறவர்கள்.

நாலு வண்டிகளை மாற்றி மாட்டினால் போதும். நானே மாற்றித் தருகிறேன் என்றேன்.

"என் ரயில்ல கை வைக்காத."

என் பலகையின் திருகுகளைக் கழற்ற ஆரம்பித்தேன். அப்போதுதான் சிரிப்பு நின்றது.

"வளையம் முடியாதேம்மா," என்றார் சாமுவேல் சார். "காலைல சனம் வந்து நிக்குமே."

"வண்டியை மாத்துங்க. திரும்ப மாட்டுறேன்."

அண்ணாச்சி ரயிலைப் பார்த்தார். மற்றவர்கள் அண்ணாச்சியைப் பார்த்தார்கள். யாரும் கை நீட்டவில்லை. கடைசித் திருகையும் கழற்றிப் பலகையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

இன்னும் கோபம் தீரவில்லை. தெரியாமல் செய்திருந்தால் தவறு, அவ்வளவுதான். சொன்ன பிறகு அது 'பொம்மை' ஆகிவிட்டது. ஆணித் தலைக்கு அசல் வேண்டும். கூரை ஓட்டுக்கு அசல் வேண்டும். பக்கத்தில் நின்ற மனிதர்களை உயிரோடு வைத்திருந்த ஒரே விவரத்துக்கு வேண்டாம்.

போகிறவர்களுக்கு: பலகைக்கு மரப்பெட்டி செய்துகொள்ளுங்கள், அட்டை நசுங்கும். கம்பெனி வாசல்களைப் படம் எடுக்காதீர்கள். டிரைவர் நிறுத்துகிற இடத்தில் இறங்கி நடங்கள். விருதுநகரில் எண்ணெய் பரோட்டா சாப்பிடலாம், நான் சாப்பிடவில்லை. பசியில்லை. திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் பலகை இருந்த பெட்டிக்குத் தனி டிக்கெட் கேட்டார், எடுத்தேன்.

மதுரையில் என் அறைக்கு வந்ததும் பலகையை மேசையில் வைத்தேன். என்னிடமிருந்த இஞ்சினுக்குப் பின்னால் உப்பு, பருப்பு, சிமெண்ட் வண்டிகளை மாட்டினேன். அதற்கும் பின்னால் மருந்து வண்டி. படம் எடுத்து மாரியப்பனுக்கு அனுப்பினேன்.