உனைசியின் இடுப்பும் வுனிடொங்கோவின் வலையும்

வலையைக் கரைக்கு இழுத்துப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே கடற்பாசியும், ஒரு பழைய ரப்பர் செருப்பும், கட்டைவிரல் நீளத்தில் நாலைந்து பொடி மீனும் இருந்தன. பெண்கள் யாரும் செருப்பைப் பார்க்கவில்லை. மீனையும் பார்க்கவில்லை. எல்லாரும் திரும்பி உனைசியைத்தான் பார்த்தார்கள்.

உனைசி முழங்காலளவு தண்ணீரில் நின்று ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் கையை எடுத்தாள். அவசரமாக எடுத்ததுதான் இன்னும் தப்பாகப் போயிற்று.

வுனிடொங்கோவில் ஒரு பேச்சு உண்டு. வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒருத்தி ஊருக்கு மறைத்தால், அவள் கால் நனைத்த தண்ணீரில் மீன் நிற்காது. பாதிரியார் இதை மூடத்தனம் என்று பிரசங்கத்தில் கண்டிப்பார். வலை காலியாக வந்தால் அவர் மனைவிதான் முதல் ஆளாக ஊர்ப் பெண்களின் இடுப்பை நோட்டம் விடுவாள். நம்புகிறவர்களும் உண்டு, நம்பாதவர்களும் உண்டு. சந்தேகப்படாதவர்கள்தான் இந்தக் கடற்கரையில் கிடையாது.

அதுவும் எந்த வாரம்! பக்கத்து ஊர்ச் சபைகள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை வுனிடொங்கோவுக்கு விருந்துக்கு வருகின்றன. மண்ணடுப்புக்குக் கல்லும் விறகும் தயார், கிழங்கு தயார், பன்றி தயார். மீன் மட்டும் இல்லை. விருந்தாளிகளுக்கு டின் மீனைத் திறந்து வைத்தால் பத்து வருஷத்துக்குச் சொல்லிச் சிரிப்பார்கள்.

வலைக் கூட்டத்துக்குத் தலைவி தரைவினி, உனைசியின் அத்தை. அம்மா போன பிறகு உனைசியைத் தூக்கி வளர்த்தவள். சபைப் பெண்கள் சங்கத்துக்கும் அவளே தலைவி. வாயும் பெரிசு, மனசும் பெரிசு. ஆனால் வாய்தான் எப்போதும் முந்திக்கொள்ளும். செருப்பைத் தூக்கி மணலில் எறிந்துவிட்டு அவள் பொதுவாகச் சொன்னாள்:

"கடல் மேல குத்தம் இல்ல. நம்ம கால் மேலதான் குத்தம். யாரு காலுன்னு அந்தந்தக் காலுக்குத் தெரியும்."

உனைசிக்குக் காது சுட்டது. அவள் வயிற்றில் ஒன்றும் இல்லை. ஆனால் அவள் மறைத்துக்கொண்டுதான் இருந்தாள், அதுதான் பாவம்.

தலைநகர் சுவாவில் நர்சிங் பள்ளியில் அவளுக்கு இது கடைசி வருஷம். முந்தின மாதம் வார்டில் ஒரு நோயாளி, ஒரு காலத்தில் ரக்பி ஆடிய ஆள், கட்டில் கொள்ளாத உடம்பு. அவரைப் புரட்டிப் படுக்க வைத்து விரிப்பை மாற்ற வேண்டும். இரண்டு பேர் சேர்ந்துதான் புரட்ட வேண்டும் என்பது முதல் மாதமே படித்த பாடம். கூட இருந்தவள் தேநீர் குடிக்கப் போயிருந்தாள். 'நாமே பார்த்துக்கலாம்' என்று உனைசி தனியாகக் கை கொடுத்தாள். இடுப்பில் என்னவோ சுண்டி இழுத்தது. விரிப்பை மாற்றி முடித்து, நோயாளியிடம் சிரித்துப் பேசி, கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

யாரிடமும் சொல்லவில்லை. போன வருஷம் கூடப் படித்த ஒருத்தி இடுப்புவலி என்று சொன்னாள். மறுவாரம் விடுதியில் அவள் கட்டில் காலி. தூக்க முடியாத நர்ஸ் என்ன நர்ஸ்? அதனால் உனைசி இடுப்பில் சுற்றிக் கட்டும் ஒரு பழைய சுலுத் துணியை நாலாக மடித்து உடுப்புக்குள்ளே இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டாள். படுக்கும்போது முழங்காலுக்கடியில் தலையணை, முதுகுக்கடியில் வெந்நீர் நிரப்பிய ஜூஸ் பாட்டில். விடுமுறைக்கு ஊருக்கு வந்ததே முதுகைக் கொஞ்சம் கிடத்தத்தான். வரும் திங்கட்கிழமை கடைசிப் பயிற்சி, ஆண்கள் வார்டில். அதைத் தாண்டிவிட்டால் அவள் நர்ஸ். அதுவரைக்கும் இந்த இடுப்பு மானத்தைக் காப்பாற்றினால் போதும்.

ஆனால் ஊர்க் கண்ணுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? குனிய மாட்டேன் என்கிறாள். பாயில் எல்லாரையும் போல உட்காராமல் சுவரில் சாய்கிறாள். வயிற்றை இறுக்கிக் கட்டியிருக்கிறாள். காலையில் எழுந்ததும் முகம் வெளிறிக் கிடக்கிறது. இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

அன்று சாப்பாட்டில் அத்தை அவள் தட்டில் தேங்காய்ப்பாலில் வெந்த கீரையை மலை மாதிரி குவித்தாள்.

"நல்லா சாப்பிடு. ரெண்டு பேருக்குச் சேத்துச் சாப்பிடு."

"எந்த ரெண்டு பேர் அத்தை?"

"நீயும் உன் படிப்பும்." அத்தை சிரிக்கவில்லை. "ஏண்டி, யாரு அவன்?"

"யாரும் இல்ல."

"டாக்டரா? இல்ல ஆஸ்பத்திரி வாசல்ல டாக்ஸி ஓட்டறவனா?"

"அத்தை, சத்தியமா யாரும் இல்ல."

"சத்தியம் வேற பண்றா. என் கண்ணைப் பாத்துச் சொல்லு, யாரு அவன்?"

எதிரே உட்கார்ந்திருந்த கெலெரா, அத்தையின் மகள், தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "விடும்மா. மதினிக்கு ஆளு கெடைச்சா சுவாவுலயே பேப்பர்ல போடுவாங்க." எப்போதும் இப்படித்தான் கேலி பேசுவார்கள் இருவரும். ஆனால் இந்த முறை கெலெராவின் கேலியில் உப்பு இல்லை என்று உனைசிக்குப் பட்டது.

மறுநாள் அத்தை அவளை அகனிசி வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அகனிசியின் வம்சத்துக்கு உருவிவிடும் கை உண்டு. தேங்காயெண்ணெய் தடவி அவள் அழுத்தினால் சுளுக்கும் போகும், வயிற்றுக்குள் இருப்பதும் தெரிந்துவிடும். அத்தைக்கு வேண்டியது இரண்டாவது. உனைசிக்கு அந்தக் கை வேண்டும் போலத்தான் இருந்தது. பாயில் குப்புறப் படுத்து 'அழுத்துங்க' என்று கதறலாம் போல இருந்தது. ஆனால் அகனிசியின் மகள் உனைசி வேலை பழகும் அதே ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிறாள். இங்கே அகனிசி அழுத்தினால் அங்கே திங்கட்கிழமை காலை சிஸ்டர் செனிமிலிக்குத் தெரிந்திருக்கும். பயிற்சிக்குப் பெண்களை அனுப்புவதும் நிறுத்துவதும் அந்த சிஸ்டர் கையில்.

"எனக்கு ஒண்ணும் வேணாம்," என்று உனைசி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"பாத்தியா?" என்றாள் அத்தை.

"பாத்தேன்," என்றாள் அகனிசி.

அவ்வளவுதான். பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கப் பிள்ளைக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

சந்தேகம் ஒட்டுவாரொட்டி. ஊர் உனைசியைச் சந்தேகப்பட, உனைசி ஊரைச் சந்தேகப்பட ஆரம்பித்தாள். யார் சிரித்தாலும் தன்னைத்தான் என்று தோன்றியது. யார் தண்ணீர்க் குடத்தைத் தூக்கச் சொன்னாலும் சோதிக்கிறார்கள் என்று தோன்றியது. அந்த எரிச்சலில்தான் அவள் கெலெராவையும் உற்றுப் பார்த்தாள்.

ஒவ்வொரு விடுமுறைக்கும் உனைசி ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியைக் கொண்டுவருவாள். ஊர்ப் பெண்கள் வரிசையில் உட்கார்ந்து கை நீட்டுவார்கள், சும்மா இருக்கும் உடம்புக்கும் பார்த்துக்கொள்வார்கள். முதலில் ஓடிவருகிறவள் கெலெரா. இந்த முறை அவள் பக்கத்திலேயே வரவில்லை. மீன் கழுவும் வாடை வந்தால் எழுந்து போகிறாள். வலை இழுக்கும்போது ஆழத்துக்கு வராமல் கரைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சேப்பங்கிழங்குத் தோட்டத்தில் உனைசி அவளை மடக்கினாள்.

"மதினி, எத்தனை மாசம்?"

கெலெரா கையிலிருந்த கிழங்கைக் கீழே போட்டாள். "மூணு முடியப் போகுது. மலாகாயோடது."

மலாகாய் ஆஸ்திரேலியாவில் ஆரஞ்சு பறிக்கப் போயிருக்கிறான்.

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும். அடுத்த மாசம் வந்துடுவான். அவங்க வீட்டாளுங்க வழக்கப்படி திமிங்கலப் பல்லைக் காணிக்கையா எடுத்துட்டு வந்து அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டு முறையா பேசுவாங்க. அதுவரைக்கும் பொறுத்துக்க மதினி. அம்மாவுக்கு இப்பத் தெரிஞ்சா என்னைக் கொன்னே போட்டுடும். சங்கத் தலைவி மகளுன்னு ஊரே காறித் துப்பும்."

"இப்ப என்னைத் துப்புதே!"

"உனக்குத்தான் ஒண்ணும் இல்லியே. இல்லாததைச் சந்தேகப்பட்டா உனக்கு என்ன நஷ்டம்?"

உனைசிக்கு வந்த கோபத்தில் அந்தக் கிழங்கை எடுத்து அவள் தலையில் போட்டிருப்பாள், குனிய முடிந்திருந்தால்.

சனிக்கிழமை வந்தது. ஞாயிறு கடலில் கால் வைக்கக் கூடாது. இன்று கிடைத்தால் உண்டு. தரைவினி கரையில் நின்று எல்லார் முன்னாலும் சொன்னாள்:

"இந்தத் தடவையும் காலியா வந்தா நான் உன் சிஸ்டருக்கு போன் போட்டுடுவேன் உனைசி. வயித்தை மறைச்சுக்கிட்டு வெள்ளை உடுப்பு போட்டு ஊரை ஏமாத்த என் வீட்டுப் பொண்ணை விட மாட்டேன்."

சிஸ்டருக்குச் சொன்னால் என்ன நடக்கும் என்று உனைசிக்கு நன்றாகத் தெரியும். டாக்டரிடம் அனுப்புவார்கள். வயிற்றில் ஒன்றும் இல்லை என்பது உடனே தெரிந்துவிடும். குனி, நிமிர், காலைத் தூக்கு என்பார்கள். அந்தக் கணமே மூன்று வருஷப் படிப்பு ஆட்டம் கண்டுவிடும். கெலெராவை ஒரு விரலால் காட்டினால் போதும், எல்லாம் நின்றுவிடும். அவள் கெலெராவைப் பார்த்தாள். கெலெரா கரைக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, அழுகையை விழுங்கிக்கொண்டு நின்றாள்.

வலை வந்தது. ஒரு மடவை மீன். ஒன்றே ஒன்று. அதுவும் துள்ளிக் குதித்துத் தண்ணீருக்குள் போய்விட்டது.

தரைவினி போனை எடுத்தாள். அவளுக்கு ஒரு காது மந்தம். எப்போதும் சத்தமாக வைத்துத்தான் பேசுவாள். மணி அடிப்பது எல்லாருக்கும் கேட்டது. "ஹலோ," என்றது சிஸ்டர் செனிமிலியின் குரல்.

அத்தை வாயைத் திறப்பதற்குள் உனைசி போனைப் பிடுங்கிக்கொண்டாள். பிடுங்கிய வேகத்தில் இடுப்பு சுண்டியது, "ஐயோ!" என்று முதல் வார்த்தையே அதுவாக வந்தது.

"சிஸ்டர், நான் உனைசி. எனக்கு இடுப்பு போயிடுச்சு சிஸ்டர். ஒரு மாசமா. பெரிய வார்டுல அந்த ரக்பிக்காரரைத் தனியாப் புரட்டினேன்."

போனில் சிஸ்டரின் குரல் உயர்ந்தது.

"தனியாவா? எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! ஏன் யாரையும் கூப்பிடல?"

"கூப்பிட்டா இவளால முடியலன்னு நெனப்பீங்கன்னு..."

"ஒரு மாசமா அந்த முதுகோட நோயாளிங்களைத் தூக்கியிருக்கே. உன் கை நழுவி யாராவது விழுந்திருந்தா? திங்கக்கிழமை வார்டுக்கு வராதே. நேரா டாக்டர்கிட்ட போ. உன் பேட்ச்சோட நீ முடிக்க மாட்டே உனைசி, அதை இப்பவே சொல்லிடறேன். முதுகு சரியானா அடுத்த பேட்ச்சோட. ஆகலன்னா அப்புறம் பேசலாம்."

போன் அணைந்தது. உனைசி அப்படியே ஈர மணலில் உட்கார்ந்துவிட்டாள். கூட்டத்தில் ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்: "அப்ப... வலை?"

எல்லாக் கண்களும் சுற்றத் தொடங்கின. ஒருத்தி இடுப்பிலிருந்து ஒருத்தி இடுப்புக்கு. பாதிரியார் மனைவிகூட தன் சுலுவைச் சரிசெய்துகொண்டாள். அப்போது கெலெரா கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, "நான்தான்," என்றாள். சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடினாள்.

தரைவினி அசையாமல் நின்றாள். சங்கத் தலைவியின் முகத்தை நேராகப் பார்க்க யாருக்கும் துணிச்சல் இல்லை. வலையை மடிக்கும் சாக்கில் ஒவ்வொருத்தியாக நகர்ந்தார்கள். கடைசியில் மணலில் இரண்டு பேர்தான் மிச்சம்.

"உனக்குத் தெரியுமா?"

"நேத்துதான் தெரிஞ்சுது."

"ஏண்டி சொல்லல?"

"அது அவ சொல்ல வேண்டியது அத்தை."

"உன் வலியையாவது சொல்லியிருக்கலாமே! நான் என்ன வேத்தாளா? உன்னை வளத்தவ இல்லியா நான்?"

அதுவரை அடக்கிவைத்த அழுகை எல்லாம் உனைசிக்கு அப்போதுதான் வந்தது. "நீங்க கேட்டாத்தானே சொல்றதுக்கு! வந்ததுலேருந்து 'யாரு அவன், யாரு அவன்'னுதான் கேட்டீங்க. 'எங்கடி வலிக்குது'ன்னு ஒரு தடவ கேட்டீங்களா?"

தரைவினி குனிந்து உனைசியின் கைக்கடியில் தன் தோளைக் கொடுத்துத் தூக்கினாள். உனைசி, "மெதுவா அத்தை, உங்க முழங்காலை மடக்கித் தூக்குங்க," என்றாள். அத்தை சொன்னபடி செய்தாள். இருவரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு வீட்டுக்கு நடந்தார்கள்.

கெலெரா வீட்டின் பின்பக்கம் எலுமிச்சை மரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். வாந்தியெடுத்து முகம் துடைத்த கோலம். அம்மாவைக் கண்டதும் இரண்டு கையாலும் தலையை மறைத்துக்கொண்டாள். தரைவினி உனைசியை விட்டுவிட்டு அவள் முன்னால் போய் நின்றாள், மூச்சை இழுத்தாள், அவள் வாய் அவள் மனசை முந்திக்கொண்டது.

"யாரு..."

உனைசி அவளைப் பார்த்தாள். தரைவினி நிறுத்தினாள். தொண்டையைச் செருமினாள்.

"யாருடி உனக்கு இன்னிக்குச் சோறு போட்டது?" என்றாள். "ஏதாவது சாப்பிட்டியா நீ?"