ஒரு கோழிக்கு ஒரு கோழி

சாமியிடம் வாயைக் கொடுக்கும் முன்னால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். எனக்கு இது எட்டு வயதிலேயே தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்ட விதம்தான் சரியில்லை.

அப்போது நாங்கள் மந்தைவெளியில், பறக்கும் ரயில் பாலத்துக்குப் பின்னால் இருந்த ஹவுசிங் போர்டு குடியிருப்பில் முதல் மாடியில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், அப்பாவின் அக்கா. அத்தை மீன் விற்பவள். விடிவதற்குள் கடற்கரைக்குப் போய்க் கூடையை நிரப்பிக்கொண்டு மார்க்கெட் வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவாள். அவள் குரல் இரண்டு தெருவுக்குக் கேட்கும். விலை கேட்டுவிட்டு வாங்காமல் நடையைக் கட்டுகிறவர்களுக்கு மூன்று தெருவுக்கு.

பொங்கல் லீவு முடிந்த வாரம், பள்ளிக்கூட வாசலில் ஒருவர் அட்டைப்பெட்டி நிறையக் கலர் கோழிக்குஞ்சுகளை வைத்துக்கொண்டு நின்றார். ரோஸ், ஊதா, பச்சை. நான் பச்சையை வாங்கி டிபன் பாக்ஸ் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "உடு, ரெண்டு நாளு கூட தாங்காது" என்றார்.

அவர் சொன்னது பலித்திருக்கும். மறுநாள் காலை குளியலறையின் தகரக் கதவை நான் காலால் உதைத்துச் சாத்தினேன். என் பின்னாலேயே ஓடி வந்த பச்சை நடுவில் மாட்டிக்கொண்டது. அது கத்திய கத்தல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. தூக்கிப் பார்த்தால் ஒரு கால் தொடைக்குக் கீழே தனியாக ஆடியது. பூனை கடித்துவிட்டது என்று சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். எங்கள் மாடியில் பூனையே கிடையாது.

மதியம் வெறுங்கூடையோடு வந்த அத்தை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டாள்.

"அடிப்பாவி, கதவுலயா வெச்சி நசுக்கினே? இன்னாடி பண்ணி வெச்சிக்கினு கீற!"

திட்டிக்கொண்டே துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சி உருவினாள். விரல் நீளத்துக்கு இரண்டு துண்டு. மீன் அரியும்போது கையை வெட்டிக்கொண்டால் சுற்ற அவளிடம் எப்போதும் பஞ்சும் பிளாஸ்திரியும் இருக்கும். மஞ்சளைக் குழைத்துத் தடவி, பஞ்சை வைத்து, இரண்டு பக்கமும் குச்சியைக் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றினாள். நாள் முழுக்கச் சுறாவைத் துண்டு போடுகிற கை. அந்தக் கைக்குள் குஞ்சு சத்தமே போடாமல் கிடந்தது.

கால் ஊன்றக் கூடாது என்றாள். அதற்கு என் பள்ளிக்கூட சாக்ஸ் ஒன்று பலியானது. அதில் இரண்டு ஓட்டை போட்டுக் குஞ்சை உள்ளே விட்டு, அட்டைப்பெட்டிக்குள் தூளி மாதிரி தொங்கவிட்டாள். குளிருக்கு நாற்பது வாட் பல்பு. நொய்யரிசியும் மசித்த முட்டை மஞ்சள் கருவும் ஆகாரம். இங்க் ஃபில்லரில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். கோழிக்குஞ்சுக்கு முட்டையைக் கொடுப்பது சரிதானா என்று கேட்டேன். "பள்ளிக்கோடத்துல இதத்தான் சொல்லிக் குடுக்குறாங்களா?" என்றாள்.

மூன்றாம் நாள் அது தின்பதை நிறுத்தியது. கண்ணில் தோல் மூடிக்கொண்டது. கதவை உதைத்த கால் என்னுடையது. எனக்கு அழுகைகூட வரவில்லை. நேராகத் தெருமுனை அம்மன் கோயிலுக்கு ஓடினேன். எங்கள் வீட்டில் அப்பாவுக்குக் கல்லடைப்பு வந்தபோதும், அம்மாவின் செயின் தொலைந்தபோதும் ஒரே வேண்டுதல்தான் காதில் விழுந்திருக்கிறது. எனக்கு வேறு எதுவும் தெரியாது. கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையே சொன்னேன்.

"ஆத்தா, பச்சைக்குக் காலு சரியாச்சுன்னா உனக்கு ஒரு கோழி தரேன்."

சொன்னதில் ஒரு தப்பும் எனக்குத் தெரியவில்லை. பச்சை பச்சை. கோழி என்பது கடையில் தொங்குவது.

மறுநாள் அது வாயைத் திறந்தது. மூன்று வாரத்தில் கட்டை அவிழ்த்தாள் அத்தை. விந்தி விந்தி நடந்தது, பிறகு ஓடியது. சித்திரை வருவதற்குள் பச்சைச் சாயம் முழுக்கப் போய் வெள்ளையாகிவிட்டது, பெயர் மட்டும் போகவில்லை. கொண்டை வந்தபோது அது சேவல் என்று தெரிந்தது. அத்தை படியேறும் சத்தம் கேட்டால் போதும், வாசலுக்கு ஓடும். அவள் மடியில் மீன் குடல் பொட்டலம் இருக்கும். "வந்துட்டாருய்யா தொர" என்பாள்.

அந்தக் கோடையில் எனக்கு அம்மை போட்டது. லேசாக இல்லை. தொண்டைக்குள், காதுக்குள், கண்ணிமையில் எல்லாம் கொப்புளம். வேப்பிலை பரப்பி என்னைக் கிடத்தினார்கள். அம்மை போட்ட வீட்டில் மீன் வாடையே ஆகாது. அத்தை கூடையைக் கவிழ்த்து மாடிப்படிக்குக் கீழே வைத்துவிட்டு, என் தலைமாட்டில் உட்கார்ந்தாள். நாள்கணக்கில் வியாபாரத்துக்கே போகவில்லை. எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. அத்தைக்கும் லீவு என்று நினைத்தேன். தண்ணீர் விழுங்க முடியாமல் நான் துப்பியபோது, அதே இங்க் ஃபில்லரைக் கொதிக்கவைத்துக் கழுவிச் சொட்டுச் சொட்டாக விட்டாள்.

டாக்டர் மாத்திரையும் கொடுத்துத்தான் பார்த்தார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. ஒரு மத்தியானம் அத்தை எல்லாரையும் கூட்டி வைத்துக் கேட்டாள்.

"யாராச்சும் எதனா நேந்துக்கினு மறந்துட்டீங்களா? ரோசன பண்ணிச் சொல்லுங்க. புள்ள ஒடம்பு அனலா கொதிக்குது."

அப்பா யோசித்தார். அம்மா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். எல்லாம் செலுத்தியாகிவிட்டது. நான் பாயில் கிடந்தபடியே, பரீட்சையில் பதில் தெரிந்த பெருமையோடு சொன்னேன்.

"நான் நேந்துக்கினேன் அத்தே."

"இன்னா நேந்துக்கினே?"

"பச்சைக்குக் காலு சரியானா ஒரு கோழி தரேன்னு."

அப்பா குபீரென்று சிரித்துவிட்டார். "கோழிக்குக் கோழியா!" அத்தை திரும்பிப் பார்த்த பார்வையில் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. அவள் முகத்தில் ரத்தமே இல்லை. மீன் கூடைக்குப் பக்கத்தில் போலீஸ் வண்டி வந்து நின்றால்கூட அசையாத அத்தையை நான் அப்படிப் பார்த்ததேயில்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கெட்டது நுணலாக இருந்தால் பரவாயில்லை. "கடைல வாங்கிக் குடுத்துடலாம் அத்தே" என்றேன். ஆத்தாளுக்குக் கடையில் தொங்கும் பாய்லர் கோழி ஆகாது, வீட்டில் வளர்ந்து கூவுகிற சேவல்தான் ஆகும் என்று அம்மா மெல்லச் சொன்னாள். பால்கனியில் பச்சை கூவியது.

அத்தை எழுந்து போய், மஞ்சள் தண்ணீர் தெளித்து, அவள் கட்டுப்போட்ட அதே காலில் மஞ்சள் கயிற்றைக் கட்டினாள். இரண்டு நாளில் எனக்குக் காய்ச்சல் இறங்கியது. அது மாத்திரையாலா, கயிற்றாலா என்று இன்றுவரை எங்கள் வீட்டில் யாரும் விவாதித்ததில்லை. அம்மை இறங்கியதும் வேப்பிலை போட்டு மூன்று தண்ணீர் ஊற்றினார்கள். பள்ளிக்கூடம் திறந்தது. கயிறு அழுக்கேறிக் கறுத்தது. மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பெரியவர்கள் மறந்துவிட்டார்கள் என்று நினைப்பதற்கு அந்த வயதில் ஒரு தைரியம் இருக்கிறது.

ஆடி மாதம், கூழ் ஊற்றுகிற ஞாயிற்றுக்கிழமை. கண் விழித்தபோது வெயில் சுவரில் இருந்தது. என்னை எழுப்ப வேண்டிய கூவல் கேட்கவில்லை. பால்கனிக்கு ஓடினேன். நொய்யரிசிக் கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. கோயிலுக்கு ஓட வாசலைத் திறந்தால், அத்தை எதிரே படியேறி வந்துகொண்டிருந்தாள். கையில் மூடிய எவர்சில்வர் தூக்கு. நெற்றியில் பெரிய குங்குமம்.

நான் அலறியதில் கீழ் வீட்டுக் கதவெல்லாம் திறந்தது. கொலைகாரி என்றேன். தின்பதற்காகத்தானே கட்டுப்போட்டாய் என்றேன். அவள் ஒரு வார்த்தையும் பதில் சொல்லாமல் என்னைத் தாண்டி உள்ளே போனாள். இரண்டு தெருவுக்குக் கேட்கிற குரல் எங்கே போனதோ!

மதியம் குழம்பு கொதித்தது. யாருக்காகச் செலுத்தினார்களோ அவர்கள்தான் முதலில் கை வைக்க வேண்டும். எங்கள் வீட்டு வழக்கம் அது. ஒரு வாய் மட்டும் என்று அம்மா கெஞ்சினாள். ஒரு வாய் வைத்தேன். வெட்கம் கெட்டவள் நான், சொல்லிவிடுகிறேன்: ருசியாக இருந்தது. காலையிலிருந்து பட்டினி. இரண்டாம் வாய், மூன்றாம் வாய் என்று தட்டில் இருந்த கால் துண்டைக் கடித்துக்கொண்டே போனேன். எலும்பின் நடுவில் பல்லில் ஏதோ இடறியது. எடுத்துப் பார்த்தேன். அங்கே, கணுவில்லாத இடத்தில், கரும்புக் கணு மாதிரி ஒரு சின்ன முடிச்சு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எலும்பை அத்தை மேல் வீசினேன். அது அவள் தோளில் பட்டு அவள் தட்டில் விழுந்தது. அப்போதுதான் அந்தத் தட்டைக் கவனித்தேன். கூழும் வெங்காயமும் மட்டும் இருந்தன. வயிறு சரியில்லை என்று முன்பே சொல்லியிருந்தாளாம். அவள் எலும்பை எடுத்துக் கட்டைவிரலால் அந்த முடிச்சை ஒருமுறை தடவினாள்.

"நல்லாத்தான் கூடிக்கினு கீது" என்றாள்.

தன் வைத்தியத்தைத் தானே மெச்சிக்கொள்கிறாள் என்று நினைத்தேன். ஆயுத பூஜை வரை அவளோடு பேசவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எத்தனையோ முறை கோழி அடித்தார்கள், ஒவ்வொரு முறையும் அத்தைக்கு வயிறு சரியில்லாமல் போனது. அப்படியென்றால் அவள் துண்டும் எனக்குத்தானே என்று நான் தட்டை நீட்டிக்கொண்டிருந்தேன்.