செம்பூருக்குப் போன அட்டவணைப் பெட்டி

செம்பூர் தமிழ் வாசகசாலைக்கு எப்படிப் போவது என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். வழி சொல்கிறேன். அதற்கு முன், அறுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலப் பிற்பகலில் நான் அங்கே முதன்முதலாகப் போன கதை.

தென்னிந்தியர்கள் பம்பாயைவிட்டுப் போகவேண்டுமென்று, மாட்டுங்காவில் அவர்கள் கடைகள் மீது கல் விழுந்துகொண்டிருந்த வாரம் அது. அங்கிருந்த வாசகசாலையின் புத்தகங்களை உறுப்பினர் வீடுகளில் ஒளித்துவைத்துவிட்டு, புத்தக அட்டவணைப் பெட்டியைப் பத்திரத்துக்காகச் செம்பூர் வாசகசாலைக்குக் கொண்டுபோனார் நூலகர் கமலா. நிருபரான நானும் உடன் போனேன். மூன்று மணிக்கு டாக்ஸி, ஐந்து மைல்.

கமலாவின் அட்டவணை புதுமாதிரி. ஒரு படைப்புக்கு ஒரு வெள்ளை அட்டை. அதன் பின்னால், ஒவ்வொரு பதிப்புக்கும் மொழிபெயர்ப்புக்கும் ஒரு மஞ்சள் அட்டை. அதற்கும் பின்னால், ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு ரோஸ் அட்டை. அது யார் வீட்டில் இருக்கிறது என்பதும் அதில் உண்டு. விலாசம் மட்டும், யாரும் படிக்கும்படி, ஆங்கிலத்தில்.

சயானில் வண்டிகள் நின்றன. எதிரே தடிகளோடு ஒரு கும்பல், ஒவ்வொரு வண்டிக்குள்ளும் குனிந்து பார்த்தபடி வந்தது.

ஓட்டுநர் செய்யது தாராவிக்காரர், வாசகசாலை உறுப்பினர். ஊர் திருநெல்வேலிப் பக்கம். திரும்பாமலே கேட்டார்: "யம்மா, அந்த ரோஸ் அட்டைல எங்க வீட்டு நம்பரும் கெடக்குல்லா?"

"இருக்கு. உங்ககிட்ட ரெண்டு புஸ்தகம்."

"கிழிச்சிருங்க."

"கிழிச்சா எந்தப் புஸ்தகம் எங்க இருக்குன்னே தெரியாதே!"

"புஸ்தகம் எங்க இருக்குன்னு தெரியாட்டா போவுது. நாங்க எங்க இருக்கோம்னு அவனுவளுக்குத் தெரியக் கூடாதுல்லா?"

கமலா பெட்டியை மடிக்கு இழுத்துத் திறந்தார். இருவருமாக ரோஸ் அட்டைகளை உருவிக் கிழித்து, வண்டித் தரையில் துருப்பிடித்திருந்த ஓட்டை வழியே சாலை வெள்ளத்தில் விட்டோம். கடைசித் துண்டு போனதும் ஒரு தடி ஜன்னலைத் தட்டியது.

"க்யா ஹை இஸ்மே?" பெட்டியில் என்ன என்று இந்தியில் கேட்டார்கள்.

"காகஜ் ஹை, பாய். லைப்ரரி கா." வெறும் காகிதம், நூலகத்துடையது என்றார் செய்யது.

ஒருவன் ஒரு மஞ்சள் அட்டையை எடுத்து, முன்னும் பின்னும் பார்த்து, ஒன்றும் விளங்காமல் சேற்றில் எறிந்தான். "ஜாவ்," என்று போகச் சொன்னான்.

செம்பூரில் இறங்கும்போது மணி நான்கு. மீட்டரில் நான்கு ரூபாய். அந்த வாரம் உறுப்பினர் வீடு எதன் மீதும் கல் விழவில்லை. அட்டைகளைக் கிழித்ததாலா என்று எனக்குத் தெரியாது.

இப்போது போகிறவர்கள் மாட்டுங்காவில் ரயில் ஏறி, குர்லாவில் ஹார்பர் லைனுக்கு மாறுங்கள். செம்பூர் ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகலாம். மழைக்காலமென்றால் அரைமணி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய அட்டவணையைக் கேட்டால் காட்டுவார்கள். சில மஞ்சள் அட்டைகளுக்குப் பின்னால் ஒன்றும் இருக்காது: இன்ன படைப்பு, இன்ன பதிப்பு என்பது வரை தெரியும், பிரதி எங்கே என்று தெரியாது.

நிலைமை அடங்கியபின் பலர் தாங்களாகவே புத்தகங்களைத் திருப்பித் தந்தார்கள். அவற்றுக்குப் புதிய ரோஸ் அட்டை எழுதினார் கமலா. மற்றவர்களை வீடு வீடாகப் போய்க் கேட்கலாமே என்றேன். கமலா ஒப்பவில்லை.

"கதவைத் தட்டினா மறுபடி பயந்துடுவாங்க. பயம் போனதும் அவங்களே கொண்டு வரட்டும்."

சிலருக்கு இன்னும் போகவில்லை.